நான்கு தலைமுறை நடந்த ஜாடிச் சூளை
(பென்னிங்டன் நார்ட்டன் குடும்பத்தின் தொழில் வரலாறு)

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் தென்மேற்கு ஓரத்தில் உள்ள ஊர் பென்னிங்டன். அங்கே 1793-ஆம் ஆண்டு ஜான் நார்ட்டன் என்பவர் மண்பாண்டச் சூளை ஒன்று போட்டார். அவருக்குப் பின் மகன்கள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் என்று நான்கு தலைமுறை அந்தத் தொழிலை நடத்தியது. 1894-இல் அது நின்றது. இடைப்பட்ட 101 ஆண்டுகளில் நிறுவனத்தின் பெயர் பத்துத் தடவையாவது மாறியிருக்கிறது. ஆனால் எல்லாப் பெயரிலும் 'நார்ட்டன்' என்ற சொல் இருந்தது.

மாறிய ஒவ்வொரு பெயரையும் அவர்கள் ஜாடியின் தோளில், மண் ஈரமாக இருக்கும்போதே, முத்திரையாக அழுத்தினார்கள். சுட்ட மண்ணில் விழுந்த எழுத்து அழியாது. ஆகவே ஒரு நார்ட்டன் ஜாடியைக் கையில் எடுத்தால், அது வனையப்பட்ட காலத்தில் தொழிலில் யார் யாருக்குப் பங்கு இருந்தது என்று இன்றும் சொல்லிவிடலாம். கூட்டு வியாபாரம் எப்படிச் சேர்ந்தது, எப்படிப் பிரிந்தது என்பதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தைத் தேடிப் போகவேண்டாம். பண்டமே பத்திரமாக இருக்கிறது. வியாபாரக் குடும்பங்கள் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும் என்று நாம் நினைப்பதற்கு அது ஒரு காரணம். மற்றொரு காரணம், ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே தொழிலை இரண்டு விதமாகப் பார்த்ததால் என்ன ஆயிற்று என்பதை இது காட்டுகிறது.

என்ன சரக்கு?

முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம் வீடுகளில் ஊறுகாய் போட்டு வைக்கும் ஜாடி எல்லோருக்கும் தெரியும். அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் எனப்படும் பாண்டம். சாதாரணச் சிவப்பு மண்பானை ஏறத்தாழ 1,000 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வெந்துவிடும். அது நீரை உறிஞ்சும், கசியும். ஸ்டோன்வேருக்கு வேறு களிமண் வேண்டும். 1,200 முதல் 1,300 டிகிரி வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடும். ஒரு சொட்டு கசியாது.

ஜான் நார்ட்டன் தொடங்கியது சிவப்புப் பாண்டத்தில்தான். அவர் பிறவியிலேயே குயவர் குடும்பத்தவர் அல்ல. அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றியவர். ஊரில் 'கேப்டன்' என்றே அழைக்கப்பட்டார். பண்ணை வைத்திருந்தார், சாராயம் வடித்தார், பாண்டமும் செய்தார். சிவப்பு மண் உள்ளூரிலேயே கிடைத்தது. விறகுக்குப் பஞ்சமில்லை. சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளுக்குப் பால் சட்டியும் குடுவையும் வேண்டியிருந்தன. முதலீடு குறைவு, விற்பனை நிச்சயம்.

ஆனால் சிவப்புப் பாண்டத்தில் ஒரு விபரீதம் இருந்தது. கசிவைத் தடுக்க அதன்மேல் ஈயம் கலந்த மெருகு பூசுவார்கள். வினிகர், ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருள்களை அதில் வைத்தால் ஈயம் கரைந்து உணவில் சேரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் இதை எச்சரித்து எழுதத் தொடங்கிவிட்டன. ஸ்டோன்வேருக்கு ஈயம் தேவையில்லை. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது மேலே உள்ள துவாரங்கள் வழியாகச் சாதாரண உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடி போன்ற மேற்பூச்சாகப் படியும். தொட்டுப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு இருக்கும். ஜாடிகளை நெருக்கி அடுக்குவதால் உப்பின் ஆவி உள்ளே சரியாக எட்டாது. அதனால் உட்புறத்துக்கு மட்டும் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியிலிருந்து வரும் ஒருவகைப் பழுப்புக் களிமண்ணைக் கரைத்துப் பூசினார்கள்.

உப்புப் பன்றி இறைச்சி, வெண்ணெய், ஊறுகாய், ஆப்பிள் சாறு, கரும்புப் பாகு, வினிகர், சாராயம் ஆகிய எல்லாவற்றுக்கும் பனிப்பெட்டியும் கண்ணாடி ஜாடியும் வீட்டுக்கு வீடு வராத அந்தக் காலத்தில் இதுதான் கலம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நார்ட்டன் சூளை ஸ்டோன்வேருக்கு மாறியது. 1807-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு வாணிபத்துக்குப் போட்ட தடையும், 1812-இல் இங்கிலாந்தோடு மூண்ட போரும் உள்நாட்டுப் பாண்டத்துக்குக் கிராக்கியைக் கூட்டின. பென்னிங்டனில் தொழில் கற்று நியூயார்க் மாநிலத்துக்குப் போய்ச் சூளை போட்ட ஒருவர், 1814-இல் எழுதிய கடிதத்தில் பாண்டம் ரொக்கப் பணத்துக்குச் சமமாகப் போகிறது என்று எழுதினார். பண்டமாற்றே பெரும்பாலும் நடந்த நாட்டில் இது சாதாரணமாகச் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.

மண் வந்த வழி

இங்கேதான் நமக்கு வியப்பூட்டும் சங்கதி வருகிறது. ஸ்டோன்வேருக்கு ஏற்ற களிமண் பென்னிங்டனில் கிடையாது. அது நியூ ஜெர்ஸியில் ஆம்பாய் பக்கத்திலும், நியூயார்க்கின் லாங் ஐலண்டிலும் கிடைத்தது. அங்கிருந்து படகில் ஹட்சன் ஆற்று வழியாக டிராய் நகரம் வரை வரும். டிராயிலிருந்து சுமார் 30 மைல் மேட்டுப் பாதையில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரவேண்டும். மூலப்பொருள் அத்தனை தூரத்தில் இருக்க, தொழிற்சாலை இங்கே இருப்பது எந்தக் கணக்கில் கட்டுப்படியாகும் என்று நம் உறுப்பினர்கள் கேட்கலாம்.

கணக்கு இப்படி: ஜாடி கனமானது, இடத்தை அடைப்பது, உடையக்கூடியது, விலையோ குறைவு. காலி ஜாடியில் வண்டி ஏற்றுவது காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுப்பதுதான். மண்ணை அப்படி இல்லாமல் கட்டியாக நெருக்கி ஏற்றலாம். உடையாது, சேதாரம் இல்லை. ஆகவே தூரத்து ஊர்க்காரன் ஜாடியாக அனுப்புவதைவிட, மண்ணாக வரவழைத்து விறகும் வாடிக்கையாளரும் உள்ள இடத்தில் சுட்டு விற்பது மலிவு. வண்டிச் சத்தம் நார்ட்டன்களுக்குச் செலவாக இருந்தது. அதே சமயம் அவர்கள் சந்தையைச் சுற்றி வேலியாகவும் இருந்தது. இந்த வேலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரயில் வந்து அதை எடுத்துவிடும்.

விற்பனை முறையும் கவனிக்கத்தக்கது. நார்ட்டன் வண்டிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு நியூ இங்கிலாந்து வட்டாரத்து ஊர்க் கடைகளுக்குப் போயின. அச்சடித்த விலைப்பட்டியல் இருந்தது. அதில் கொள்ளளவு கேலன் கணக்கில், விலை டஜன் கணக்கில். கடைக்காரர் எத்தனை டஜன், எத்தனை கேலன் என்று சொன்னால் போதும். ஜாடியின் மேலேயே கேலன் எண் இருக்கும். விரும்பிய கடைக்காரர்களுக்கு அவர்கள் கடைப் பெயரையும் ஊரையும் ஜாடியில் போட்டுக் கொடுத்தார்கள். மளிகைக்கடைக்காரரும் சாராய வியாபாரியும் இதை விரும்பி வாங்கினார்கள். கடைப் பெயர் போட்ட துணிப்பை கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். அங்கே அது சுட்ட மண்ணில் நடந்தது. அந்தப் பை ஆறு மாதத்தில் கிழியும். அந்த ஜாடிகளோ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கடைப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சாம்பல் நிற ஜாடியின்மேல் கோபால்ட் நீலத்தில் பூ, பறவை, மான், வீடு என்று வரைவதும் உண்டு. அந்தச் சூட்டில் கருகாமல் நிற்கும் நிறங்கள் குறைவு, நீலம் நின்றது. 1850-களில் வரைந்தவை மிகவும் சிறந்தவை. இன்று மான் படம் போட்ட ஒரு நார்ட்டன் ஜாடி ஏலத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

முத்திரை சொல்லும் பங்குக் கணக்கு

கேப்டன் ஜான் 1823-இல் பொறுப்பிலிருந்து விலகி, லூமன், ஜான் என்ற இரு மகன்களிடம் தொழிலைக் கொடுத்தார். தாம் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். 1828-இல் காலமாகும்வரை ஐந்து ஆண்டுகள் பிள்ளைகள் தொழில் நடத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். நம் ஊர்களில் கல்லாப்பெட்டிச் சாவி பெரியவர் மடியிலிருந்து இறங்குவதற்கு எத்தனை காலம் ஆகிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

'எல். நார்ட்டன் அண்டு கோ' என்ற முத்திரை 1823 முதல் 1828 வரை. தம்பி ஜான் விலகியதும் 'எல். நார்ட்டன்'. 1833-இல் லூமன் தம் மகன் ஜூலியஸைச் சேர்த்துக்கொண்டு 'எல். நார்ட்டன் அண்டு சன்' ஆனார். அதே சமயம் சூளையை மேட்டிலிருந்த பழைய ஊரிலிருந்து, ஆறு ஓடும் கீழ் ஊருக்கு மாற்றினார்கள். இந்தக் காலத்துச் செய்திகள் பல நமக்குக் கிடைப்பது ஹைரம் ஹார்வுட் என்ற அண்டை விவசாயியின் நாட்குறிப்பிலிருந்துதான். கம்பெனிக்காரர்கள் தங்கள் சரித்திரத்தை எழுதவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் எழுதி வைத்தார்.

லூமனின் மகள் லூயிசாவை மணந்தவர் கிறிஸ்டோபர் வெபர் ஃபென்டன். 1838-இல் லூமன் ஒரு செங்கல் வீடு கட்டினார். இரண்டு குடும்பம் குடியிருக்கத்தக்க இரட்டை வீடு. ஒரு பாதி தமக்கு, ஒரு பாதி மருமகனுக்கு. 1840-களின் தொடக்கத்தில் லூமன் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகள் ஜூலியஸ் தனியாக நடத்தினார். பிறகு மைத்துனர் ஃபென்டனைப் பங்குதாரராகச் சேர்த்தார். முத்திரை 'நார்ட்டன் அண்டு ஃபென்டன்' ஆயிற்று. 1847-இல் அந்தக் கூட்டு முடிந்தது.

மைத்துனர்களின் இரண்டு பாதை

ஃபென்டனுக்கு ஜாடியில் திருப்தி இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் மெல்லிய வெள்ளைப் பீங்கானும், சலவைக்கல்லைப்போல் தோன்றும் 'பேரியன்' சிலைகளும், பழுப்பு மெருகிட்ட ராக்கிங்ஹாம் கூஜாக்களும் ஏன் அமெரிக்காவிலேயே செய்யப்படக் கூடாது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜூலியஸுக்கு ஜாடியே போதும். அதற்கு வாங்குபவர் இருக்கிறார், கடனுக்குக் கணக்கு இருக்கிறது, வண்டி போகும் பாதை தெரியும். இதை மாமன் மச்சான் சச்சரவு என்று மட்டும் படித்துவிடக் கூடாது. தொழிலைப் பற்றிய இரண்டு எண்ணங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாமல் பிரிந்தன. உண்மையில் கூரைகூட உடனே பிரியவில்லை. ஃபென்டன் முதலில் நார்ட்டன் சூளையின் ஒரு பகுதியிலேயே தம் வேலையைத் தொடங்கினார்.

பிறகு வெளியார் முதலைச் சேர்த்துக்கொண்டு பெரிதாக வளர்ந்தார். 1849-இல் வண்ண மெருகு பூசும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டைத் தம் பாண்டங்களில் முத்திரையிட்டார். இதில் வாங்குவோர் ஏமாறுவதுண்டு: முத்திரையில் உள்ள 1849 காப்புரிமை பெற்ற ஆண்டே தவிர, அந்தப் பாண்டம் செய்த ஆண்டு அல்ல. அவரது நிறுவனம் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பாட்டரி கம்பெனி' என்று பெயர் பெற்றது. 1853-இல் நியூயார்க்கில் நடந்த பெரிய பொருட்காட்சியில் பத்தடி உயரத்துக்கு ஒரு நினைவுத்தூண் செய்து வைத்தார்கள். அதில் ஃபென்டனின் மார்பளவுச் சிலையும் இருந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள்.

1858-இல் கம்பெனி மூடப்பட்டது. கைதேர்ந்த தொழிலாளருக்குக் கூலி அதிகம். வெள்ளைக் களிமண் தென்கரோலினா போன்ற தூர தேசத்திலிருந்து வரவேண்டும். சூளையில் கெடுவது அதிகம். விற்கும் இடத்திலோ இங்கிலாந்துச் சரக்கோடு போட்டி. போதாக்குறைக்கு 1857-இல் அமெரிக்க அரசு இறக்குமதித் தீர்வையைக் குறைத்தது, அதே ஆண்டு பணச்சந்தையும் நொடித்தது. ஃபென்டன் வேறு மாநிலங்களுக்குப் போய் மறுபடி முயன்றார். 1865-இல் இல்லினாய் மாநிலத்தில் காலமானார்.

ஜூலியஸ் கெட்டிக்காரர், ஃபென்டன் அவசரக்காரர் என்று முடிவு கட்டுவது சுலபம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். பென்னிங்டன் என்ற பெயரை அருங்காட்சியகங்களில் பேசவைத்தவர் ஃபென்டன்தான். நார்ட்டன் கூட்டிலிருந்து அவர் பிரிந்து போகாமல் உள்ளேயே இருந்து அந்தத் தூணைச் செய்திருந்தால், 1858-இல் இரண்டு தொழிலும் ஒன்றாக விழுந்திருக்கும் என்பதுதான் நம் கணிப்பு. பிரிவினை காலத்தோடு நடந்தது. மாமனார் சொத்து ஜாடிப் பக்கம் பத்திரமாக நின்றது. ஒட்டி இருப்பது மட்டுமே குடும்ப ஒற்றுமை என்று எண்ணுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

ஜூலியஸ் 1850-இல் தம் உறவினர் எட்வர்டைச் சேர்த்துக்கொண்டார். 'ஜே அண்டு ஈ நார்ட்டன்' என்ற முத்திரை 1859 வரை ஓடியது. நாம் மேலே சொன்ன மான்களும் பறவைகளும் இந்த ஒன்பது ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு வீதியில் ஃபென்டனின் பீங்கான் கம்பெனி ஊரே பேசும்படி நடக்க, மறுபக்கம் சாதாரண ஜாடிக்காரர்களும் தங்கள் சரக்கை அழகுபடுத்தினார்கள். போட்டிதான் காரணமா என்று ஆதாரத்தோடு சொல்வதற்கில்லை, காலம் ஒத்துப்போகிறது.

வேலி போன பிறகு

1861-இல் ஜூலியஸ் காலமானார். அவர் மகன் லூமன் பிரெஸ்டனும் எட்வர்டும் சேர்ந்த 'ஈ அண்டு எல்.பி. நார்ட்டன்' 1881 வரை, இருபது ஆண்டுகள் நடந்தது. எல்லாப் பெயர்களிலும் நீண்ட நாள் நின்றது இதுதான். ஆனால் இதே இருபது ஆண்டுகளில்தான் தொழில் உள்ளே அரிக்கப்பட்டது.

1850-களில் பென்னிங்டனுக்கு ரயில் வந்துவிட்டது. மண் மலிவாக வந்தது, நல்லதுதான். ஆனால் ரயில் ஒரு பக்கம் மட்டும் ஓடுவதில்லை. ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் வட்டாரத்தில் களிமண்ணும் நிலக்கரியும் பக்கம் பக்கமாக இருந்தன. அங்கே அச்சும் இயந்திரமும் வைத்துப் பெருமளவில் செய்த ஜாடிகள் ரயிலேறி எங்கும் போயின. முன்பு வண்டிச் சத்தம் காத்த சந்தையை இப்போது எதுவும் காக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி வேறு சரக்கிலிருந்து வந்தது. 1858-இல் ஜான் மேசன் திருகு மூடியுள்ள கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே இருப்பது வெளியே தெரியும், எடை குறைவு, மூடி இறுகும். தகர டப்பாவில் அடைத்த உணவு மளிகைக்கடைக்கு வந்தது. பனிக்கட்டிப் பெட்டி வீடுகளுக்கு வந்தது. உப்புப் போட்டு வைக்கவேண்டிய தேவையே குறைந்தது. ஜாடிக்காரன் இன்னொரு ஜாடிக்காரனோடு போட்டியிட்டு ஜெயிக்கலாம்; ஜாடியே வேண்டாம் என்கிற வீட்டுக்காரியோடு எப்படிப் போட்டியிடுவது? கைவரையும் வரவரச் சுருங்கியது. மான் போய் ஒற்றை இலை வந்தது. கூலியைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லை.

1881-இல் லூமன் பிரெஸ்டன் விலகினார். எட்வர்ட் இரண்டு ஆண்டு தனியாக நடத்தி, 1883-இல் தாட்சர் என்ற வெளியாரைப் பங்குதாரராகச் சேர்த்தார். 1885-இல் எட்வர்ட் காலமானார். அவர் மகன் எட்வர்ட் லிங்கன் பொறுப்பேற்றார். கடைசி ஆண்டுகளில் நிறுவனம் பிறர் செய்த கண்ணாடிப் பொருள், பீங்கான் ஆகியவற்றை வாங்கி மொத்த வியாபாரமும் செய்தது. தங்களை வீழ்த்திய சரக்கைத் தாங்களே விற்றார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைகளோடு நூறு ஆண்டு வைத்திருந்த தொடர்பும், கடன் வசூல் பழக்கமும் சூளையைவிட நீடித்த சொத்து. ஆனால் 1894-இல் எட்வர்ட் லிங்கன் காலமானதும் தொழிலை எடுத்து நடத்த நார்ட்டன் ஒருவரும் முன்வரவில்லை. கம்பெனி முடிந்தது. பென்னிங்டனில் 1948-இல் தொடங்கிய 'பென்னிங்டன் பாட்டர்ஸ்' வேறு நிறுவனம். இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாதது.

இன்னொரு கிளை

நம் ஹார்டுவேர் வியாபாரிகளுக்கு ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் நார்ட்டன் 1858-இல் பென்னிங்டனை விட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்குப் போய், ஹேன்காக் என்ற கூட்டாளியோடு ஸ்டோன்வேர் சூளை போட்டார். வூஸ்டர் இயந்திரப் பட்டறைகள் நிறைந்த ஊர். பட்டறைகளுக்குச் சாணைச் சக்கரம் வேண்டும். அப்போதிருந்த சக்கரங்கள் பசையால் ஒட்டியவை, சூடேறினால் விட்டுவிடும். 1873-இல் ஃபிராங்கிடம் வேலை பார்த்த ஸ்வென் பல்சன் என்ற சுவீடன் நாட்டுத் தொழிலாளி, குருந்தக்கல் பொடியை ஜாடிக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். முதலாளியோடு பீருக்குப் பந்தயம் கட்டிச் செய்தார் என்று கம்பெனியில் ஒரு கதை உண்டு. ஜாடியை இறுக்கிய அதே சூடு குருந்தக்கல் துகள்களையும் இறுக்கிப் பிடித்தது.

1885-இல் சாணைச் சக்கரத் தொழிலை மட்டும் வூஸ்டரைச் சேர்ந்த சிலர் சேர்ந்து ஃபிராங்கிடமிருந்து வாங்கினார்கள். 'நார்ட்டன் எமரி வீல் கம்பெனி' என்று பெயர் வைத்தார்கள். வாங்கியவர்களில் யாரும் நார்ட்டன் அல்ல; பெயருக்கு மதிப்பு இருந்ததால் விட்டுவைத்தார்கள். அது உலகின் மிகப் பெரிய சாணைச் சக்கர நிறுவனமாக வளர்ந்து, 1990-இல் பிரெஞ்சு நாட்டு செயின்ட் கோபேன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. நம் நாட்டில் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான் கிரைண்ட்வெல் நார்ட்டன். ஹார்டுவேர் கடை அலமாரியில் 'நார்ட்டன்' என்று அச்சிட்ட சாணைச் சக்கரம் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். அளவும், சுற்றும் வேகமும், 'வி' என்ற எழுத்தும் குறியீட்டில் இருக்கலாம். அந்த 'வி', துகள்களை மண் கலவையில் சேர்த்துச் சூளையில் சுட்டுப் பிணைத்தது என்பதற்கான அடையாளம்.